இணைப்புப் பசுமைக்குடில்

இணைப்புப் பசுமைக்குடில் என்பது வீட்டின் தென்சுவரை ஒட்டி, கண்ணாடியோ நெகிழித் தாளோ போர்த்தி அமைக்கப்படும் கூடம் ஆகும். விசிறி, எக்கி போன்ற இயந்திரங்களின் உதவியின்றி இது வீட்டைச் சூடாக்குகிறது. இந்தியாவில் இம்முறை லடாக்கில் சிறப்பாகப் பயன்படுகிறது.

லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்கால இரவுகளில் அங்கு வெப்பநிலை -20° செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. மரங்கள் அரிது, சாண வறட்டியே மரபான எரிபொருள். ஆனால் வெயிலுக்குக் குறைவில்லை. டிசம்பர் நண்பகலில் கதிரவன் தென்வானில் சுமார் 32° உயரத்திலேயே நிற்பதால், ஒளி தென்சுவரில் நன்கு விழுகிறது.

கண்ணாடி அகச்சிவப்புக் கதிர்களைத் தடுப்பதாலேயே குடில் சூடாகிறது என்று பாடநூல்களில் கூறப்படுவதுண்டு. இது முழு விளக்கம் அன்று. அக்கதிர்களைப் பெருமளவு வெளியே விடும் மெல்லிய பாலித்தீன் தாளின் கீழும் குடில் சூடாகிறது. சூடான காற்று வெளியேற முடியாமல் சிறைப்படுவதே முதன்மைக் காரணம். பகலில் கதவுகளைத் திறந்து இக்காற்றை அறைகளுக்குள் விடுவர்; மாலையில் மூடிவிடுவர். தடித்த மண்சுவர் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் மெல்ல வெளியிடுகிறது. சுவர் மெலிந்தால் பகல் வெப்பம் இரவுவரை நிலைக்காது.

1988இல் தொடங்கப்பட்ட செக்மால் என்னும் லடாக் மாணவர் இயக்கத்தின் ஃபே வளாகத்தில், இடித்து இறுக்கிய மண்சுவர்க் கட்டடங்கள் இம்முறையில் வெப்பமூட்டப்படுகின்றன. குடிலில் குளிர்காலக் கீரைகளும் விளைகின்றன. கோடையில் நெகிழித் தாளை அகற்றிவிடுவர்.

விழுப்புரம் போன்ற வெப்பச் சமவெளிகளில் இத்தகைய குடில் வீட்டைத் தாங்கமுடியாத அளவு சூடாக்கிவிடும். அங்கு சுவருக்கு நிழலே தேவை.