நகரும் வீடும் நடுங்கும் கையும்



மேலை நாடுகளில் பெருவழக்காக உள்ள ஒருவகை ஊர்தியை ‘மோட்டார் வீடு’ என்று சொல்லலாம். நம் நாட்டுத் திரைப்படத் துறையினர் பயன்படுத்தும் கேரவன் வண்டியைக் கண்டவர்க்கு அதன் அமைப்பு எளிதில் விளங்கும். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கழிப்பறை ஆகிய யாவும் ஒரே வண்டிக்குள் அடங்கியிருக்கும். விடுமுறை வந்ததும் குடும்பம் முழுவதும் அதில் ஏறி, மலைகளையும் கடற்கரைகளையும் கண்டு, இரவில் அதிலேயே உறங்கி, காலையில் அடுத்த ஊருக்குப் புறப்படும். பிரிட்டனில் நான் கண்ட வண்டிகள் பெரும்பாலும் 6 மீட்டர் முதல் 7 மீட்டருக்குச் சற்று மேல்வரை நீளமும், பக்கக் கண்ணாடிகள் நீங்கலாக ஏறத்தாழ 2.3 மீட்டர் அகலமும், 3 மீட்டரை ஒட்டிய உயரமும் உடையவை. ஆட்களும் பொருள்களும் உட்பட 3,500 கிலோ எடைக்குள் அடங்குமாறு பல வண்டிகள் செய்யப்படுகின்றன. 1997-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்குப் பின் அந்நாட்டில் கார்த் தேர்வில் தேறியவர்கள், பொதுவாக அந்த எடைக்கு மேற்பட்ட வண்டியை வேறு தேர்வு எழுதாமல் ஓட்டலாகாது என்பது அதற்கு ஒரு காரணமாகும்.

இவ்வண்டியை முதன்முதலாக ஓட்டப்புகும் ஒருவர், கார் ஓட்டுவதில் பல்லாண்டுப் பழக்கம் உடையவராயினும் நடுங்குகிறார். இந்நடுக்கம் எதனால் வருகிறது? அதனை எவ்வாறு தணிப்பது? இவ்விரு வினாக்களையும் இன்று ஆராய்வோம். ‘எங்களில் எத்தனை பேர் மோட்டார் வீடு ஓட்டப்போகிறோம்?’ என்று நீங்கள் கேட்கலாம். வகுப்பில் எழுந்து பேச அஞ்சுபவரும், கிணற்றில் இறங்க அஞ்சுபவரும், ஆய்வுக்கூடத்தில் அமிலக் குப்பியைத் தொட அஞ்சுபவரும் உங்களிடையே உண்டு. பள்ளி ஆசிரியனாக வாழ்நாளைக் கழித்த எனக்கு, அச்சங்கள் யாவும் உடன்பிறந்தவையாகவே தோன்றுகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். புதிய ஓட்டுநரின் அச்சத்தில் இரு கூறுகள் கலந்திருக்கின்றன. ஒன்று, வண்டி உண்மையிலேயே வேறுபட்டது என்னும் அறிவு. மற்றொன்று, பிறர் முன் தலைகுனிய நேருமோ என்னும் நாணம். முதற்கூறு பயனுடையது, அதனைக் கல்வியாக மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது கூறு பயனற்றது. அதனை மெல்லக் கரைத்துவிட வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கருதி, ‘அஞ்சாதே, அஞ்சாதே’ என்று முதுகில் தட்டுவதால் எவரும் துணிவு பெற்றதை நான் கண்டதில்லை.

வண்டி எவ்வெவ்வகையில் வேறுபட்டது? காரில் ஓட்டுநர் முன்சக்கரங்களுக்குப் பின்னே அமர்ந்திருப்பார். மோட்டார் வீட்டிலோ ஏறத்தாழ அச்சக்கரங்களின் மேலேயே அமர்கிறார். பின்சக்கரங்கள் அவருக்கு நெடுந்தொலைவு பின்னால் உள்ளன. வண்டி திரும்பும்பொழுது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தைப் பின்பற்றுவதில்லை. வளைவின் உட்புறமாகக் குறுக்கிட்டுச் செல்கின்றன. காரைத் திருப்பும் இடத்திலேயே இதனையும் திருப்பினால், பின்சக்கரம் நடைபாதை விளிம்பின்மேல் ஏறிவிடும். ஆதலின், முன்பகுதியைச் சற்று மிகுதியாக முன்னே செலுத்திய பின்னரே திருப்புதல் வேண்டும். இனி, பின்சக்கரங்களுக்கும் அப்பால் வண்டியின் உடல் ஒரு வால்போல நீண்டிருக்கிறது. வண்டி இடப்புறம் திரும்பினால் அந்த வால் வலப்புறம் வீசும். நிறுத்துமிடத்திலிருந்து வெளியேறும் புதியவர் பக்கத்து வண்டியில் உரசுவது பெரும்பாலும் இதனால்தான்.

வண்டியின் நடுவே பின்னோக்கும் கண்ணாடி பெரும்பாலும் பயன்படாது. பின்புறச் சுவரே தெரியும். இரு பக்கக் கண்ணாடிகளே ஓட்டுநரின் கண்கள். பக்கங்கள் அகன்ற சுவர்களாதலின் குறுக்குக் காற்று வண்டியைத் தள்ளும். பெரிய சரக்கு வண்டியொன்று கடந்து செல்லும்போது, அது முன்தள்ளும் காற்று முதலில் நம்மை அப்பால் தள்ளிப் பின்னர் அதன் பக்கமாக ஈர்ப்பதுபோல் தோன்றும். இதனை முன்னரே அறிந்தவர் திருப்புசக்கரத்தை உறுதியாகப் பற்றி, வேகத்தைச் சிறிது தணித்துக் கொள்வார். அறியாதவர் திகைத்துச் சக்கரத்தை வெடுக்கெனத் திருப்புவார். ஆபத்து காற்றில் சிறிதும், அந்தத் திகைப்பில் பெரிதும் இருக்கிறது.

நிறுத்தும் தொலைவைப் பற்றிப் பௌதிகம் படிக்கும் மாணவர்கள் எளிதில் உணர்வார்கள். பிரிட்டனின் சாலை விதி நூல், கார்களுக்கு மணிக்கு 30 மைல் வேகத்தில் 23 மீட்டர் என்று நிறுத்தும் தொலைவைக் குறிக்கிறது. அவற்றுள் 9 மீட்டர் மனம் உணர்ந்து கால் பிரேக்கை அடையும்வரை கடப்பது. 14 மீட்டர் பிரேக்கு பற்றிய பின் ஓடுவது. வேகம் 60 மைலாக இரட்டித்தால் முதற்பகுதி 18 மீட்டராகவும், இரண்டாம் பகுதி 55 மீட்டராகவும் ஆகின்றன. மொத்தம் 73 மீட்டர். வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று நீங்கள் கரும்பலகையில் எழுதும் வாய்பாடு இங்கே சாலையின்மேல் எழுதப்பட்டிருக்கிறது. நிறைந்த சுமையுடைய மோட்டார் வீட்டிற்கு இதனினும் மிகுதியான இடம் வேண்டும் என்று கொள்வதே அறிவுடைமை. இதனை அறிந்தவர் முன்செல்லும் வண்டிக்கும் தமக்கும் இடையே தாராளமாக வெளி விடுவார். வெளி மிகுந்தால் காலம் மிகும். காலம் மிகுந்தால் பதற்றம் குறையும்.

அறிவு மட்டும் போதுமா? போதாது. பழக்கம் வேண்டும். பழக்கத்தையும் முறையாக அளிக்க வேண்டும். 1924-ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பீட்டர் என்று அவர் குறிப்பிடும் சிறுவனுக்கு அப்பொழுது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அவன் முயலைக் கண்டால் அஞ்சி அழுவான். அவன் விரும்பும் உணவை உண்டுகொண்டிருக்கையில், கூண்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்தார். நாள்தோறும் அதனைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். முயலுக்கு அஞ்சாத பிற குழந்தைகளையும் அவன் அருகே விளையாடச் செய்தார். இறுதியில் அச்சிறுவன் தானே முயலைத் தடவிக்கொடுத்தான். அச்சத்தை அறவுரை நீக்கவில்லை; அளந்து வைத்த அணுகுமுறை நீக்கியது. ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் இதனைப் படித்த நான், பின்னர்ப் பல வகுப்புகளில் இதன் உண்மையைக் கண்டேன்.

ஸ்காட்லாந்தில் வாழும் என் மகளின் குடும்பத்தார் ஒரு கோடையில் மோட்டார் வீடொன்றை வாடகைக்கு அமர்த்தினர். நெடும்பயணத்தில் என் மருமகன் ஒருவரே ஓட்டிக் களைத்துப்போவது நன்றன்று. மகளும் ஓட்டியாக வேண்டும். அவளோ, “அப்பா, வண்டி ஓட்டுவது போலவே தோன்றவில்லை, வீடே பெயர்ந்து வருவது போலிருக்கிறது. பின்னால் பிள்ளைகள் இருப்பதை நினைத்தால் கை உதறுகிறது” என்றாள். “அம்மா, பிள்ளைகள் உன் கணவரோடு இருக்கட்டும், நாம் இருவரும் போய்ப் பழகுவோம்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், உரியவரிடம் இசைவு பெற்று, ஆளற்ற ஒரு திடலுக்குச் சென்றோம். நான்கு பிளாஸ்டிக் வாளிகளே எங்கள் துணைக்கருவிகள். முதற்கால்மணி நேரம் வண்டியை நகர்த்தவே இல்லை. இருக்கையையும் கண்ணாடிகளையும் சரிசெய்து, எந்தக் கண்ணாடியில் எந்தப் பகுதி தெரிகிறது என்று அவள் வாயால் சொல்லி வந்தாள். பிறகு நேராகச் சென்று, குறித்த வாளியின் அருகே மென்மையாக நிறுத்தினாள். அடுத்து, வண்டியின் பின்பகுதிக்கு வலப்புறம் ஒரு முழத் தொலைவில் வாளியை வைத்து, சக்கரத்தை முழுவதும் இடப்புறம் திருப்பிப் புறப்படச் சொன்னேன். வால் வீசிற்று, வாளி உருண்டது. கண்ணாடியில் அதனைக் கண்ட மகள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் அரைமணி நேரம் விளக்கியிருந்தாலும் அந்த வாளி கற்பித்ததைக் கற்பித்திருக்க முடியாது.

மறுநாள் போக்குவரத்துக் குறைந்த சிற்றூர்ச் சாலை. அதற்கடுத்த நாள் சரக்கு வண்டிகள் ஓடும் பெருஞ்சாலை. ஒரு படியில் மனம் அமைதி பெற்ற பின்னரே அடுத்த படி என்பது எங்கள் ஒப்பந்தம். நன்றாகச் செய்து முடித்த நிலையிலேயே அன்றைய பயிற்சியை நிறுத்திக்கொள்வோம். களைப்பினால் தடுமாறிய கடைசி நிமிடமே நினைவில் நின்றால், மறுநாள் காலை அச்சம் மீண்டும் வந்து வாயிலில் நிற்கும் அன்றோ?

பின்னோக்கிச் செலுத்தும் கலை தனியே கூறத்தக்கது. முகாமிடும் திடல்களில் கணவன் மனைவியர் உரத்த குரலில் வாதிடுவதைக் கேட்டால், ஒருவர் வண்டியைப் பின்னே செலுத்துகிறார் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்! வெளியே நின்று வழிகாட்டுபவரும் உள்ளே இருப்பவரும் கைக்குறிகளை முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும். வழிகாட்டுபவர் எப்பொழுதும் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் கண்ணில் படாவிட்டால் அந்தக் கணமே வண்டியை நிறுத்திவிட வேண்டும். ஐயம் வந்தால் இறங்கிச் சென்று பார்த்து வருவதில் இழிவு ஏதுமில்லை.

புறப்படுமுன் சரிபார்க்க வேண்டியவை பல. எரிவாயு உருளை மூடப்பட்டதா? கூரைச் சாளரம் அடைக்கப்பட்டதா? மின்வடம் கழற்றப்பட்டதா? படிக்கட்டு உள்ளிழுக்கப்பட்டதா? அலமாரிகள் தாழிடப்பட்டனவா? இவற்றை நினைவை நம்பி விடாமல் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்தல் வேண்டும். வண்டியின் உயரத்தையும் ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டிவைத்தால், தாழ்ந்த பாலங்களின் முன் மனம் தடுமாறாது. பட்டியல் வைத்துக்கொள்வது அறியாதவர் செயல் என்று எண்ணாதீர்கள். 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய பெருவிமானமொன்று சோதனைப் பறத்தலின்போது வீழ்ந்தது. அதனை ஓட்டியவர் தேர்ச்சி மிக்கவர். ஆயினும், தரையில் நிற்கும்போது இடும் பூட்டு ஒன்று விடுவிக்கப்படாமல் இருந்தது. அதன்பின் அவ்விமானத்திற்கெனச் சரிபார்க்கும் பட்டியல் எழுந்தது. திறமையுடையோர்க்கும் மறதி உண்டு என்று ஒப்புக்கொண்டதால் வந்த நன்மை அது.

இனி நாணத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் வடமேற்குப் பகுதியில் பல சாலைகள் ஒரே ஒரு வண்டி செல்லும் அகலமே உடையவை. எதிர்வரும் வண்டிக்கு வழிவிட இடையிடையே ஒதுங்குமிடங்கள் உண்டு. புதிய ஓட்டுநருக்குப் பின்னே ஐந்தாறு வண்டிகள் சேர்ந்துவிட்டால், ‘இத்தனை பேர் என்னைச் சபிக்கிறார்களே’ என்று உள்ளம் துடிக்கும். கால் தன்னையறியாமல் விசையை மிதிக்கும். வகுப்பில் பிறர் எழுதி முடித்துவிட்டார்கள் என்பதற்காக விடைத்தாளை அரைகுறையாக மடித்துக் கொடுக்கும் மாணவனின் நிலையும் இதுவே. அங்கே செய்ய வேண்டியது எளிது. இடப்புறம் ஒதுங்குமிடம் வந்ததும் ஒதுங்கி, பின்வருவோரை முன்னே போகவிட வேண்டும். அது தோல்வியன்று, அந்நாட்டுச் சாலை விதியே கூறும் நன்முறை. பின்வருவோர் கையசைத்து நன்றி கூறிச் செல்வர்.

அப்பகுதியிலேயே ஆப்பிள்கிராஸ் என்னும் ஊருக்குச் செல்லும் மலைவழி ஒன்று உண்டு. ‘கால்நடைகளின் கணவாய்’ என்று பொருள்படும் கேலிக் மொழிப் பெயருடைய அவ்வழி 626 மீட்டர் உயரம்வரை கொண்டையூசி வளைவுகளோடு ஏறுகிறது. கற்றுக்கொள்ளும் ஓட்டுநர்க்கும், மிகப் பெரிய வண்டிகளுக்கும், இழுத்துச் செல்லும் கேரவன்களுக்கும் ஏற்றதன்று என்று அடிவாரத்தில் அறிவிப்புப் பலகை நிற்கிறது. அதே ஊருக்குக் கடற்கரை ஓரமாக நீண்ட வேறொரு சாலையும் இருக்கிறது. எங்கள் குடும்பம் கடற்கரைச் சாலையிலேயே சென்றது, மகளே ஓட்டினாள். தன்னம்பிக்கை என்பது பலகையைப் படியாமல் மலையேறுவதன்று. தன் ஆற்றலின் எல்லையை அறிந்து, அதற்குள் கலங்காமல் செயற்படுவதே அது.

ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியலறிஞர் 1977-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், ‘என்னால் இயலும்’ என்னும் உணர்வுக்கு நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்: தானே செய்து பெற்ற வெற்றி, தன்னையொத்த பிறர் செய்வதைக் காணுதல், பிறர் கூறும் ஊக்கமொழி, உடலின் படபடப்பைப் புரிந்துகொள்ளும் முறை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது என்பது அவர் கருத்து. சிறிய வெற்றிகளை வரிசையாக அமைத்துத் தருவதே ஆசிரியரின் கடமை. அவ்வரிசையில் ஒரு படியையும் தாண்டிக் குதியாமல் ஏறுவது மாணவரின் கடமை.

ஆகவே மாணவர்களே, உங்களை நடுங்கவைக்கும் செயல் எதுவோ அதனை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் உண்மையான இடர்கள் இவை என ஒருபுறமும், வெறும் நாணத்தால் வந்தவை இவை என மறுபுறமும் பிரியுங்கள். இடர்களைக் கற்றறியுங்கள். ஆளற்ற திடலில் தொடங்கி, வாளிகளை வைத்துப் பழகுங்கள். விரைந்து செல்வோர்க்கு ஒதுங்கி வழிவிடுங்கள். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை கால்மணி நேரமேனும் இளைப்பாறுமாறு சாலை விதி நூல் ஓட்டுநர்க்குக் கூறுவது, இரவெல்லாம் கண்விழித்துத் தேர்வுக்குப் படிக்கும் உங்களுக்கும் பொருந்தும். சின்னாளில் கை நடுக்கம் தணியும். கவனம் மட்டும் எஞ்சி நிற்கும். அக்கவனத்தை எந்நாளும் கைவிடாதீர்கள்.