பதின்மூன்றாம் எண் வடிகட்டி

அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் அறைக்கு ஒரு ஏசி கிடையாது. அடித்தளத்திலோ பரணிலோ ஒரே இயந்திரம் இருக்கும். கோடையில் குளிர்காற்றையும் பனிக்காலத்தில் வெப்பக்காற்றையும் குழாய்கள் வழியே வீடு முழுக்க அனுப்பும். சுற்றிவிட்டுத் திரும்பும் காற்று இயந்திரத்துக்குள் நுழையும் இடத்தில், அட்டைச் சட்டம் போட்ட ஒரு ஃபில்டரைச் செருகியிருப்பார்கள். முதலில் அதை வைத்தது வீட்டுக்காரரின் நுரையீரலுக்காக அல்ல. விசிறியிலும் குளிரூட்டும் சுருளிலும் தூசி படியாமலிருக்கத்தான்.

2020இல் நிலைமை மாறியது. ஒரு பக்கம் கொரோனா, மறுபக்கம் கலிபோர்னியா, ஓரிகன் காட்டுத்தீப் புகை. ஃபில்டர் அட்டையில் அச்சிட்டிருக்கும் ‘மெர்வ்’ எண்ணுக்குத் திடீரென்று மவுசு வந்தது.

ஆஷ்ரே என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த அளவுகோல் அது. மெர்வ் 8 ஃபில்டர் 3 முதல் 10 மைக்ரான் வரையுள்ள துகள்களில் 70 சதவீதத்தையாவது பிடிக்க வேண்டும். மகரந்தம், தூசிக்கு இது போதும். புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. அந்த அளவில் மெர்வ் 8க்கு எந்த நிபந்தனையும் இல்லை. மெர்வ் 13 என்றால் 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ளவற்றில் பாதியையாவது பிடித்தாக வேண்டும். கலிபோர்னியா 2020 முதல் புது வீடுகளுக்கு இதையே கட்டாயமாக்கியது.

அதென்ன 0.3? ஃபில்டர் சல்லடை போல வேலை செய்வதில்லை. பெரிய துகள் காற்றோடு வளைந்து திரும்ப முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியதைக் காற்று மூலக்கூறுகள் இடித்து அலைக்கழிப்பதால் அதுவும் எங்காவது இழையில் சிக்கும். இரண்டுக்கும் நடுவில், 0.3 மைக்ரான் அளவில் இருப்பதுதான் நழுவுவதில் கெட்டிக்காரன்.

அப்படியானால் இருப்பதிலேயே பெரிய எண்ணை வாங்கிவிட்டால் ஆயிற்றா? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஓர் அங்குல ஃபில்டரில் இழையை நெருக்கினால் காற்று திணறும். கோடையில் சுருளில் பனி உறையும். குளிர்காலத்தில் சூடு ஏறி, பாதுகாப்பு சுவிட்ச் சூடேற்றியை நிறுத்திவிடும். அதே மெர்வ் 13, நான்கு அங்குல தடிமனில் வந்தால் மடிப்புகள் ஆழமாகி, இழைத்தாளின் பரப்பு கூடுகிறது. காற்று நெரிசலின்றிப் போகிறது. எண்ணைவிடத் தடிமனைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பரப்பின் மகிமைக்கு நல்ல சாட்சி கோர்சி-ரோசென்தால் பெட்டி. பேராசிரியர் ரிச்சர்ட் கோர்சி சொன்ன யோசனையை டெக்சாஸில் ஃபில்டர் நிறுவனம் நடத்திய ஜிம் ரோசென்தால் 2020இல் செய்து பார்த்தார். நான்கைந்து மெர்வ் 13 ஃபில்டர்களைப் பெட்டியாக நிறுத்தி, மேலே சாதாரண பெட்டி விசிறியை வைத்து டேப் ஒட்டினால் காற்றுச் சுத்திகரிப்பான் தயார். ஒற்றை ஃபில்டரென்றால் திணறும் விசிறி, காற்று பல பக்கமும் பிரிந்து வருவதால் சமாளிக்கிறது.

நாற்றத்தையும் வாயுக்களையும் மெர்வ் எண் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும். சட்டத்தின் ஓரத்தில் இடைவெளி இருந்தால் எந்த எண்ணும் உதவாது, காற்று அந்த வழியாகவே போய்விடும். ஃபில்டர் சட்டத்திலுள்ள அம்புக்குறி இயந்திரத்தின் விசிறியைப் பார்த்திருக்கட்டும். ஓர் அங்குலம் மட்டுமே நுழையும் பழைய இயந்திரமென்றால், மெக்கானிக்கைக் கேட்காமல் 13க்குப் போக வேண்டாம். 8 அல்லது 11ஐப் போட்டுவிட்டு, படுக்கையறைக்குத் தனியாக ஒரு ஹெப்பா (HEPA) ஃபில்டர் போட்ட சுத்திகரிப்பான் வாங்குவதே மேல்.