ஒரே ஓர் அடியில் போன பதக்கம்

கொடைக்கானலில் பசுமைப் பள்ளத்தாக்கு பார்க்கப் போகிற வழியில், பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி மேடும் பள்ளமுமாக ஒரு பெரிய புல்வெளி வரும். 1895-ல் தொடங்கிய கோல்ஃப் கிளப் அது. எங்கள் பிளவக்கல், வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "பெரிய மனுஷங்க விளையாட்டு, நமக்கென்ன?" என்று சொல்லிவிட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பது வழக்கம்.

அந்த விளையாட்டில்தான் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் என்ற 23 வயதுப் பெண், 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தாள். தொழில்முறை ஆட்டக்காரிதான், ஆனால் உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்தவள்! கோல்ஃப் சாமான் பையைச் சுமந்து கூடவே நடந்தது யார் தெரியுமா? அவளைப் பெற்ற தாய் மகேஸ்வரி.

நான்கு நாள் ஆட்டம். 67, 66, 68, 68. ஆக மொத்தம் 269 அடி. வெண்கலம் வாங்கிய நியூசிலாந்தின் லிடியா கோ 268. தங்கம் வாங்கிய அமெரிக்காவின் நெல்லி கோர்டா 267. ஒரே ஓர் அடியில் பதக்கம் போச்சு!

கோல்ஃப் கணக்கு நம் பல்லாங்குழிக்கு நேர் எதிர். பல்லாங்குழியில் முத்து சேரச் சேர ஜெயம். இங்கே எண்ணிக்கை ஏற ஏறத் தோல்வி. மொத்தம் 18 குழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்டிக்கார ஆட்டக்காரருக்கு இத்தனை அடி போதும் என்று மூன்றோ, நான்கோ, ஐந்தோ வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் 'பார்'. அதைவிட ஒன்று குறைத்து முடித்தால் 'பேர்டி', ஒன்று கூடினால் 'போகி'. டோக்கியோ மைதானத்துக்குப் பார் 71. நாலு நாளுக்கு 284. அதிதி 269-ல் முடித்ததால் பலகையில் 'மைனஸ் 15' என்று போட்டார்கள். மைனஸ் என்றதும் கடன் என்று நினைத்துவிடாதீர்கள், இங்கே அதுதான் லாபம்!

இது தொழில்முறைக்காரர்கள் கதை. பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள் கணக்கு வேறு. என் அண்ணன் மகளும் அவள் கணவரும் ஒருநாள் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். அவருக்கு 84 அடி, இவளுக்கு 95. ஆனாலும் ஜெயித்தது இவள்தான்! மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டதாம். "பொம்பளைங்களுக்குச் சலுகை குடுத்தா இப்படித்தான்" என்றாராம்.

சலுகையே இல்லை, சகோதரிகளே. அதற்கு 'ஹாண்டிகேப்' என்று பெயர். ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் உண்டு. கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களை எடுத்து, அவற்றில் மிக நன்றாக ஆடிய எட்டின் சராசரியைப் பார்க்கிறார்கள். மைதானம் எவ்வளவு கடினம் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்கள். 2020-லிருந்து உலகம் முழுக்க இந்த ஒரே முறைதான்; உச்சவரம்பு 54. அன்றைக்கு இவளுடையது 24, அவருடையது 12. 95-ல் 24 போனால் 71. 84-ல் 12 போனால் 72. அவரவர் வழக்கத்தை வைத்து அவரவரை அளப்பதுதானே இது? எட்டுப் பேருக்குச் சமைக்கிறவளையும் இரண்டு பேருக்குச் சமைக்கிறவளையும் ஒரே தராசில் வைத்து, 'உன் வீட்டில் எண்ணெய் அதிகம்' என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்லித் தந்தால் தேவலை.

தொழில்முறைப் போட்டியில் இந்தக் கழிவு கிடையாது. அடித்தது அடித்ததுதான். அதனால், எந்த இடத்தில் அடி வீணாகிறது என்று அவர்கள் அலசி ஆராய்கிறார்கள். முதல் அடி எவ்வளவு தூரம் போனது, குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' என்ற வழவழப்பான புல்தரையை எத்தனை அடியில் எட்டினார்கள், அங்கிருந்து உருட்டிவிடும் 'பட்' எத்தனை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. அதிதி டோக்கியோ போவதற்குச் சில மாதம் முன்புதான் கொரோனாவில் படுத்து எழுந்திருந்தாள். ஓங்கி அடிக்கும் தூரத்தில், ஆடிய 60 பேரில் கிட்டத்தட்டக் கடைசி. உருட்டிவிடுவதிலோ முன்னணி! தூரத்தில் விட்டதைக் குழியருகே பிடித்துக்கொண்டாள்.

'பட்' எண்ணிக்கையை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். கிரீனைத் தவறவிட்டு, வெளியிலிருந்து பந்தைக் குழியோரமாகத் தூக்கிப் போட்டவருக்கு ஒரே பட் போதும். அதனால் அவர் உருட்டுவதில் கெட்டிக்காரர் என்று ஆகிவிடுமா? கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். குழியிலிருந்து எட்டடி தூரம் (இது நீள அடி, ஐந்து முழத்துக்குக் கொஞ்சம் கூட) இருந்தால், ஆண் தொழில்முறைக்காரர்களே பாதித் தடவைதான் ஒரே உருட்டில் போடுகிறார்கள். ஆகவே அந்தத் தூரத்துக்கு ஒன்றரை என்று வைத்துக்கொள். ஒன்றில் போட்டால் அரை லாபம், இரண்டானால் அரை நஷ்டம். 2011-ல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள்.

என் அண்ணன் மகளும் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறாள். "அத்தை, நெடுந்தூர அடியிலதான் தப்பு பண்றேன்னு இருந்தேன். எழுதிப் பார்த்தா கிட்டத்துல வந்துதான் ஏகப்பட்டது வீணாகுது" என்றாள். இப்போது தினமும் ராத்திரி கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து, டம்ளரைப் படுக்கவைத்துப் பந்தை உருட்டிப் பழகுகிறாள். காலையில் காப்பி ஆற்ற டம்ளரைத் தேடுவது அவள் மாமியாரின் வேலையாகிவிட்டது!