உங்களுக்குத் தெரியுமா? – ஐஸ் தளத்தில் கால் மணிநேரக் கணக்கு

கனடாவிலும் அமெரிக்காவிலும் ஃபிகர் ஸ்கேட்டிங் பழக்குபவருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது! தனிப் பாடத்துக்குப் பிள்ளையின் பெற்றோரே காசு கொடுக்கிறார்கள். அதுவும் பல இடங்களில் கால் மணிநேரக் கணக்கில்.

• கால் மணிநேரம் முடிந்ததும் பயிற்றுநர் அடுத்த பிள்ளையிடம் வழுக்கிப் போய்விடுவார். முதல் பிள்ளை அதே ஐஸில் தனியே சுழன்று, விழுந்து, எழும்பிப் பழகும். அந்த ஐஸுக்கான கட்டணம் வேறு.

• அமெரிக்கத் தளங்கள் பலவற்றில் கற்பிக்க இடம் தந்ததற்காகப் பயிற்றுநரே வருமானத்தில் ஒரு பங்கைத் தளத்துக்குக் கட்டுகிறார். கடினமான பிழைப்புத்தான்.

• வெளியூர்ப் போட்டி என்றால் பயிற்றுநருடைய பயணம், தங்குமிடச் செலவைப் பழகும் பிள்ளைகளின் குடும்பங்கள் பங்குபோட்டுக் கொடுப்பது வழக்கம்.

• கனடாவின் 'கேன்ஸ்கேட்' போன்ற தொடக்கநிலைக் குழு வகுப்புகளில் மட்டும் கட்டணம் ஸ்கேட்டிங் கழகத்துக்குப் போகும். பயிற்றுநருக்குக் கழகம் கொடுக்கும்.

நயினாதீவிலும் நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் இருந்துகொண்டு, ரொறன்ரோவில் ஸ்கேட்டிங் பழகும் பேரப்பிள்ளையின் படத்தைப் பார்க்கும் அம்மம்மாமாரே, அடுத்தமுறை தொலைபேசியில் கேளுங்கள்: “ஐஸுக்கு எவ்வளவு, பழக்கிறவருக்கு எவ்வளவு?”