உங்களுக்குத் தெரியுமா? மாமல்லைக் கரையில் மோட்டார் டெலஸ்கோப்

★ 100 மடங்கு பெரிதாக்கும் டெலஸ்கோப்பில் வியாழனைப் பிடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டால், அவர் வந்து குனிவதற்குள் கோள் ஓரத்துக்குப் போயிருக்கும். பூமி சுழல்வதால், இரண்டு நிமிடத்தில் ஒரு முழுநிலா அகலம் வானம் மேற்கே நகர்கிறது. அதற்கு ஈடுகொடுக்கத்தான் மோட்டார். 23 மணி 56 நிமிடம் 4 விநாடிக்கு ஒரு சுற்று என்பது அதன் கணக்கு. வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் ஆற அமரப் பார்க்கலாம்.

★ கேட்ட வான்பொருளைத் தானே தேடிப் பிடிக்கும் 'கோ-டூ' டெலஸ்கோப் முதலில் தேதி, நேரம், இடம் கேட்கும். பிறகு இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களைக் காட்டச் சொல்லும். பஞ்சாங்கம் அறிந்தவர்களுக்கு இது சுலபம். ரிமோட்டில் வரும் ரெகுலஸ் நம் மகம்; ஸ்பைகா நம் சித்திரை; ஆர்க்டரஸ் நம் சுவாதி.

★ ஸ்ரீநகரில் துருவ நட்சத்திரம் 34 டிகிரி உயரத்தில் இருக்கும். மாமல்லபுரத்தில் வெறும் பன்னிரண்டரை டிகிரிதான். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், அதைவிடச் சற்றே மேலே. கடற்கரையின் ஈரப்புகையில் பல இரவுகளில் அது தெரிவதே இல்லை. டெலஸ்கோப்பின் சுழல் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி இவ்வளவு தாழ்த்தினால், சில மாடல்களில் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும்.

★ வடக்கில் இழப்பதைத் தெற்கு ஈடுகட்டிவிடுகிறது. பிப்ரவரி இரவு 9 மணிவாக்கில் அகத்தியர் நட்சத்திரம் தென்வானில் சுமார் 25 டிகிரி உயரத்தில் நிற்கும். மே மாதம் அதே நேரத்தில் தென்சிலுவை. அதன்பின் ஒமேகா சென்டாரி: சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்ட கொத்து, 30 டிகிரி வரை ஏறும். லண்டனில் இவை மூன்றுமே உதிப்பதில்லை!

★ தாழ்ந்த தென்வானில் சாதனை படைத்த சென்னைக்காரர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் பணியாற்றிய அவர், ஒளி கூடிக் குறையும் 'ஆர் ரெட்டிகுலி' என்ற நட்சத்திரத்தை 1867இல் கண்டுபிடித்தார். சென்னையிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேல் 14 டிகிரியைத் தாண்டாது. அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண், 1792ஆம் ஆண்டைக் குறிக்கும் தமிழ்க் கல்வெட்டோடு, இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

★ ஜவ்வாது மலையில் 2.34 மீட்டர் டெலஸ்கோப் இயங்கும் காவலூர், ஏறக்குறைய மாமல்லபுரத்தின் அதே அட்சரேகையில்தான் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இரு அரைக்கோள வானமும் அங்கே கிடைக்கும். அதே வானம்தான் செங்கல்பட்டு மொட்டைமாடிக்கும்.

★ ஓரியன் நெபுலா சுமார் 1,340 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்று நம் கண்ணில் விழும் அதன் ஒளி, பல்லவர் காலத்துச் சிற்பிகள் மாமல்லையில் பாறை குடைந்த 7ஆம் நூற்றாண்டில் புறப்பட்டது.

★ கடற்கரையில் பனியோடு உப்பும் லென்ஸில் படியும். துணியால் துடைத்தால் உப்புத்துகள் மேற்பூச்சைக் கீறிவிடும். முன்பக்கம் பனிமறைப்புக் குழாய் மாட்டுங்கள். ஈரம் படிந்துவிட்டால், தானாக உலர்ந்த பிறகே மூடிவைக்க வேண்டும்.

★ கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை செல்போன் வெளிச்சம் பட்டால் போதும், அத்தனையும் வீண். அதனால்தான் மங்கலான சிவப்பு டார்ச்.

★ வானம் தெளிவாக இருக்கும் ஜனவரி-ஏப்ரல்தான் இக்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவம். பொரிந்து வந்த குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நம்பி ஓடும். கிழக்குக் கடற்கரைச் சாலை விளக்குகள் அவற்றைத் தவறான பக்கம் இழுக்கின்றன. தென்வானத்தையும் வெளுக்க வைக்கின்றன. கரையோர வீடுகளும் விடுதிகளும் கடல் பார்த்த விளக்குகளை இந்த மாதங்களில் இரவு அணைத்தால், இரண்டுமே பிழைக்கும்.