பால் குடித்த பிள்ளைகள் தப்பியது எப்படி?

குட்டீஸ், ஒரு துப்பறியும் கதை கேட்கத் தயாரா? இந்தக் கதையில் திருடன் கிடையாது. குற்றவாளி ஒரு நோய்; துப்பு துலக்கியவர் ஒரு டாக்டர். அத்தனையும் உண்மையில் நடந்தது!

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு நோய் மக்களை வாட்டி எடுத்தது. அதன் பெயர் பெலாக்ரா. முதலில் வெயில் படும் இடங்களில் தோல் சிவக்கும். பிறகு கறுத்து உரியும். கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போலத் தழும்பு தோன்றும். அடுத்து வயிற்றுப்போக்கு. அதன்பின் மனக்குழப்பம். கவனிக்காமல் விட்டால் மரணம். 1906 முதல் 1940 வரை சுமார் 30 லட்சம் பேர் இந்த நோயால் பாதிக்கப்பட்டனர். அவர்களில் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

'இது கிருமியால் பரவும் தொற்றுநோய்' என்றே பெரும்பாலான டாக்டர்கள் நம்பினர். நோயாளிகளைப் பார்த்தாலே மக்கள் ஒதுங்கி ஓடினர்.

வந்தார் டாக்டர்!

1914ல் அமெரிக்க அரசு, டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கரிடம் இந்தப் பிரச்னையை ஒப்படைத்தது. அவர் மனநல மருத்துவமனைகளுக்கும் அனாதை இல்லங்களுக்கும் நேரில் போனார். அங்கே ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. உள்ளே தங்கியிருப்பவர்களுக்குத்தான் பெலாக்ரா வருகிறது. அவர்களைத் தொட்டுக் கவனிக்கும் நர்ஸ்களுக்கும் வேலையாட்களுக்கும் வரவே இல்லை! தொற்றுநோய் என்றால் ஆள் பார்த்தா ஒட்டும்?

மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் இருந்த அனாதை இல்லத்தில் இன்னொரு துப்பு கிடைத்தது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கே நோய் அதிகம். அதைவிடச் சின்னக் குழந்தைகளும் தப்பினர். பெரிய பிள்ளைகளும் தப்பினர். ஏன் தெரியுமா? சின்னக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். வேலை செய்யும் பெரிய பிள்ளைகளுக்கு இறைச்சி கொடுத்தார்கள். நடுவில் இருந்தவர்களுக்கு இரண்டும் இல்லை. மக்காச்சோள மாவும் சர்க்கரைப் பாகும்தான் சாப்பாடு!

எல்லாப் பிள்ளைகளுக்கும் பால், முட்டை, இறைச்சி, பயறு கொடுக்க ஏற்பாடு செய்தார் கோல்ட்பெர்கர். அடுத்த ஆண்டு அங்கே பெலாக்ரா ஏறக்குறைய காணாமலே போய்விட்டது.

துணிச்சலான சோதனை

அப்படியும் பலர் நம்பவில்லை. 1915ல் மிசிசிப்பி சிறைப் பண்ணை ஒன்றில், விடுதலை தருவதாகச் சொன்னதால், கைதிகள் சிலர் ஒரு சோதனைக்கு முன்வந்தனர். அவர்களுக்குப் பால், இறைச்சி இல்லாத மக்காச்சோள உணவு தரப்பட்டது. சில மாதங்களில் 11 பேரில் 6 பேருக்குப் பெலாக்ரா வந்துவிட்டது!

1916ல் கோல்ட்பெர்கர் அதைவிடத் துணிச்சலான காரியம் செய்தார். நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார். அவர்களின் தோல் செதில்களை மாவில் கலந்து உருட்டி விழுங்கினார். உவ்வே என்கிறீர்களா? அவரது மனைவி மேரியும், நண்பர்களான டாக்டர்களும் இந்தச் சோதனைகளில் பங்கேற்றனர். ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை. 'இது கிருமி இல்லை. சாப்பாட்டில் ஏதோ ஒரு சத்து குறைகிறது' என்பது உறுதியானது.

அது எந்தச் சத்து? விடை தெரியும் முன்பே, 1929ல் கோல்ட்பெர்கர் இறந்துவிட்டார். 1937ல் விஞ்ஞானி கான்ராட் எல்விஜெம் அதைக் கண்டுபிடித்தார். பெலாக்ரா போன்ற 'கருநாக்கு' நோய் வந்த நாய்களுக்கு நிக்கோட்டினிக் அமிலம் கொடுத்தார், அவை குணமாயின! மனிதர்களுக்கும் அதே மருந்து பலித்தது. புகையிலையில் உள்ள நிக்கோட்டினோடு மக்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, அதற்கு 'நியாசின்' என்று புதுப்பெயர் வைத்தனர். அதுதான் வைட்டமின் பி3.

பாலில் ஒரு மர்மம்

கதை முடிந்தது என்று நினைத்தீர்களா? இல்லை! பாலில் நியாசின் மிகக் குறைவு. அப்படியானால் பால் குடித்த குழந்தைகள் தப்பியது எப்படி?

1945ல் விடை கிடைத்தது. பால், முட்டை, இறைச்சி, பருப்பு ஆகியவற்றில் உள்ள புரதத்தில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. நம் உடம்பு அதைக் கொண்டு தானாகவே நியாசின் தயாரித்துக்கொள்கிறது! சுமார் 60 மில்லிகிராம் டிரிப்டோபானிலிருந்து ஒரு மில்லிகிராம் நியாசின் கிடைக்கும். சாப்பாட்டிலிருந்து செல்கள் சக்தியை எடுக்க இது வேண்டும். இது குறைந்தால், அடிக்கடி புதுப்பித்துக்கொள்ளும் தோலும் குடலும், நிறையச் சக்தி கேட்கும் மூளையும் முதலில் தடுமாறும். தோல், வயிறு, மனம் மூன்றும் ஏன் பாதிக்கப்பட்டன என்று இப்போது புரிகிறதா?

மக்காச்சோளத்தில் டிரிப்டோபான் குறைவு. நியாசின் உண்டு, ஆனால் உடம்பால் எளிதில் எடுக்க முடியாதபடி வேறு பொருள்களோடு பிணைந்திருக்கும். மெக்சிகோ மக்கள் பழங்காலம் முதலே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, அரைத்து ரொட்டி சுடுவார்கள். சுண்ணாம்பு அந்த நியாசினை விடுவித்துவிடும். மக்காச்சோளத்தைத் தங்கள் நாடுகளுக்குக் கொண்டுபோன ஐரோப்பியர்கள், இந்தச் சமையல் முறையைக் கொண்டுபோகவில்லை. அதனால் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் 18ம் நூற்றாண்டிலேயே பெலாக்ரா தலைகாட்டியது.

நம் நாட்டிலும் இந்த நோய் இருந்தது. ஐதராபாத் பகுதியில், சோளத்தையே முக்கிய உணவாகச் சாப்பிட்ட ஏழை மக்களிடம் இது காணப்பட்டது. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி.கோபாலனும் அவரது சகாக்களும் இதை ஆராய்ந்தனர். சோளத்தில் அதிகமாக உள்ள லூசின் என்ற அமினோ அமிலம், உடம்பு நியாசினைத் தயாரித்துப் பயன்படுத்துவதைக் குழப்பலாம் என்று 1960ல் கருத்துத் தெரிவித்தனர்.

அதற்காகச் சோளமும் மக்காச்சோளமும் கெட்டவை என்று நினைத்துவிடாதீர்கள்! ஒன்றையே தினமும் தின்பதுதான் ஆபத்து. அந்த மக்கள் விரும்பியா அப்படிச் சாப்பிட்டார்கள்? வேறு எதையும் வாங்கக் கையில் காசில்லை. பெலாக்ராவின் உண்மையான வேர் வறுமைதான் என்பதைக் கோல்ட்பெர்கர் அன்றே எடுத்துச் சொன்னார்.

சோற்றோடு பருப்பு, ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை... இவற்றில் நியாசினும் டிரிப்டோபானும் கிடைத்துவிடும். வேர்க்கடலையில் இரண்டுமே நிறைய உண்டு. ஆகவே, இனி பருப்பைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைக்க மாட்டீர்கள்தானே குட்டீஸ்?