மொட்டு தலை நிமிரும் நாள்

ஆடி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் போதும், தெருவில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து வாட்ஸ்ஆப்பில் செய்தி வரும்: ‘இன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல பிரம்ம கமலம் பூக்குது, வாங்க.’ ஒன்பது மணிக்கு மாடியில் கூட்டம் கூடிவிடும். சூடம் காட்டுவார்கள். பூவின் நடுவே பாம்பணையும் பள்ளிகொண்ட உருவமும் தெரிவதாகப் பெரியவர்கள் குழந்தைகளுக்குக் காட்டுவார்கள். மறுநாள் நாளிதழில் படம் வரும், ‘ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும் அபூர்வ மலர்’ என்ற வரியோடு.

அந்த வரி சரியல்ல. நன்றாக வேர்பிடித்து வளர்ந்த செடி ஒரே பருவத்தில் இரண்டு மூன்று தடவை மொட்டு விடும். வயதான பெரிய செடியில் ஒரே இரவில் இருபது பூக்கள்கூட விரிவதுண்டு. அபூர்வம் என்று நினைப்பதற்குக் காரணம், ஒவ்வொரு பூவும் ஒரே ஓர் இரவுதான் நிற்கிறது, அந்த இரவைப் பலர் தூங்கிக் கழித்துவிடுகிறார்கள் என்பதுதான். காலையில் துவண்டு தொங்கும் பூவைப் பார்த்துவிட்டு ‘அடடா’ என்பார்கள். ஆனால் செடி தன் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கவனிக்கத் தெரிந்தவர்கள் அந்த இரவைத் தவறவிடுவதில்லை.

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். இமயமலையின் உயரங்களில் பூப்பதும், உத்தராகண்டின் மாநில மலராக இருப்பதும் வேறு பிரம்ம கமலம். அது சூரியகாந்திக் குடும்பம். நம் மாடியில் தொங்குவது கள்ளி. தாவரவியலில் எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டாலம். கேரளத்தில் நிஷாகந்தி, இலங்கையில் கடுபுல். தாயகம் தெற்கு மெக்ஸிகோவும் அதற்குக் கீழேயுள்ள நடு அமெரிக்க நாடுகளும். சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் டி கண்டோல் 1828இல் இதற்கு விவரணை எழுதினார்.

கள்ளி என்றதும் பாலைவனமும் முள்ளும் நினைவுக்கு வரும். இது காட்டுக் கள்ளி. ஈரமான காடுகளில், மரக்கிளைகளின் பிளவில் சேர்ந்த இலைமக்கில் வேரூன்றி, அங்கிருந்து தொங்கி வளர்வது. மரத்தின் சத்தை உறிஞ்சுவதில்லை. இடம் மட்டுமே கேட்கிறது. கள்ளிகளில் இப்படி மரத்தில் தொற்றி வாழும் கிளை ஒன்று பெரிதாகவே உண்டு. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் ஒரே கள்ளியான ரிப்சாலிஸும் அந்த வகைதான். இலங்கைக் காட்டு மரங்களில் மெல்லிய பச்சைக் கயிறுகளாக அது தொங்குவதைப் பார்க்கலாம்.

நாம் இலை என்று நினைப்பது உண்மையில் தட்டையான தண்டு. இலை செய்யும் வேலையை அதுவே செய்கிறது. அதன் ஓரங்களில் அலை அலையாகப் பள்ளங்கள் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கண். பாலைவனக் கள்ளியில் முள் முளைப்பது அந்த இடத்தில்தான். இங்கே அந்தக் கண்ணிலிருந்து புதுத் தண்டோ மொட்டோ வரும். ‘இலையிலிருந்து பூ வருகிறது’ என்று ஊரெல்லாம் வியப்பது இதைத்தான். இன்னொரு பழக்கத்தையும் பாலைவன உறவினர்களோடு இது பகிர்ந்துகொள்கிறது. பகலில் மூச்சுத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவாக்குகிறது. மரக்கிளையில் மழை நின்ற சில மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும் என்பதால், காட்டுக்குள்ளும் இந்தச் சிக்கனம் தேவைப்படுகிறது.

வளர்க்கும் முறை முழுவதும் இந்தக் காட்டு வாழ்க்கையிலிருந்து தானாகவே வந்துவிடும். முதிர்ந்த தண்டில் ஒரு சாண் அளவு வெட்டி, நிழலில் ஒரு வாரம் போட்டுவையுங்கள். வெட்டுக்காயம் காய்ந்து மூடிக்கொள்ளும். ஈரக் காயத்தோடு நட்டால் அழுகிவிடும். கலவையில் களிமண் கூடாது. தேங்காய் மட்டைத் துண்டு, இலைமக்கு, கொஞ்சம் செம்மண், ஆற்று மணல் போதும். ஊற்றிய தண்ணீர் உடனே கீழே வடிய வேண்டும். தண்டு எந்தத் திசையில் வளர்ந்ததோ அதே திசையில் நடுங்கள். மரத்தடி வெளிச்சம், அல்லது காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பால்கனி ஏற்றது. சித்திரை வெயிலில் நேராக வைத்தால் தண்டு மஞ்சளாகி வெளுத்துப்போகும். முழு இருட்டில் வைத்தாலோ, நெடுநெடுவென வளருமே தவிர பூக்காது.

நட்ட செடி பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். தழைச்சத்து கூடினால் தண்டு மட்டும் கொழிக்கும். பெரிய தொட்டிக்கு மாற்றினாலும் அப்படித்தான். வேர் நெருக்கிக்கொண்டிருக்கும் தொட்டியில்தான் இது நன்றாகப் பூக்கும். குளிர் மாதங்களில் தண்ணீரைக் குறைத்து ஓய்வு கொடுங்கள். கோடை மழை தொடங்கும்போது மண்புழு உரமும் சாம்பல்சத்தும் கொஞ்சம் கொடுங்கள். கண்களில் மாவுப்பூச்சி அடையும். ஈரத் துணியால் துடைத்து வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் போகும்.

பிறகு ஒருநாள் தண்டின் பள்ளத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். புதுத் தண்டா, மொட்டா என்று சில நாள் சந்தேகமாகவே இருக்கும். தட்டையாக நீண்டால் தண்டு. உருண்டு திரண்டால் மொட்டு. மொட்டென்று தெரிந்த பின் தொட்டியை நகர்த்தவோ திருப்பவோ வேண்டாம், மண்ணையும் காயவிட வேண்டாம். வெளிச்சமும் ஈரமும் சட்டென்று மாறினால் மொட்டு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். மூன்று நான்கு வாரம் அது காம்பு நீண்டு கீழ்நோக்கித் தொங்கும். அந்தக் காம்பு உண்மையில் பூவின் குழாய். கடைசி நாட்களில் குழாய் வளைந்து, நாரை கழுத்தை நிமிர்த்துவதுபோல் மொட்டின் முனையை மேலே தூக்கும். இதுதான் முதல் அறிகுறி. அன்றாடம் அந்தியில் போய்ப் பாருங்கள். முனை உப்பி, வெளிப்புற இளஞ்சிவப்பு மடல்கள் விலகி, நடுவே வெள்ளை எட்டிப் பார்த்தால் அன்றிரவே பூக்கும். ஊருக்குச் சொல்லிவிடலாம்.

எட்டு மணிவாக்கில் முனை திறக்கும். பக்கத்தில் அமர்ந்து பார்த்தால் இதழ்கள் சிறு சிறு அதிர்வுகளோடு விலகுவது கண்ணுக்கே தெரியும். செல்கள் நீரை ஏற்றிப் பருத்து இதழை வெளியே தள்ளுகின்றன. மணம் அறை முழுக்கப் பரவும். நள்ளிரவுக்குள் உள்ளங்கையைவிடப் பெரிதாக விரிந்து நிற்கும். குழாயோடு சேர்த்தால் ஓர் அடி நீளம் வரும். உள்ளே வெளிர்மஞ்சள் முனைகளோடு நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்கள், அவற்றுக்கு மேலே நட்சத்திரமாகப் பிரிந்த வெள்ளைச் சூலகமுடி. விடியும்போது எல்லாம் சுருங்கிவிடும்.

ஏன் இந்த அவசரம்? இந்தப் பூ எதிர்பார்ப்பது இரவில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சிகளை. இருட்டில் தெரிய வெள்ளை நிறம், தொலைவிலிருந்து அழைக்க மணம், நீண்ட உறிஞ்சுகுழல் உள்ளவர்கள் மட்டும் எட்டும் ஆழத்தில் தேன். இவ்வளவு பெரிய மெல்லிய இதழ்களைப் பகல் வெயிலிலும் விரித்துவைத்தால் வீணாகும் தண்ணீர் கொஞ்சமல்ல. விருந்தாளி வரும் நேரத்துக்கு மட்டும் திறப்பதே செடிக்குக் கட்டுப்படியாகும். இருட்டை வைத்துத்தான் செடி நேரம் கணக்கிடுகிறது. சீனத் தோட்டக்காரர்கள் மொட்டு முதிரும் நாட்களில் பகலில் செடியை மூடி இருட்டாக்கி, இரவில் விளக்குப் போட்டுப் பகலிலேயே பூக்கவைக்கிறார்கள். திறமையான வேலைதான். ஆனால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நாம் அதன் நேரத்துக்கு விழித்திருப்பதே முறை என்று படுகிறது.

அப்படி விழித்திருந்தவர்களில் நான் மிகவும் மதிப்பவர் மார்கரெட் மீ. அமேசான் காட்டுத் தாவரங்களை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்த ஆங்கிலேய ஓவியர். நிலாப்பூ என்று அழைக்கப்படும் செலினிசீரியஸ் விட்டியை, இதே கூட்டத்தைச் சேர்ந்த இரவுக் கள்ளியை, பூத்த நிலையில் வரைய வேண்டும் என்பது அவருடைய பல்லாண்டு ஆசை. 1988 மே மாதம், எண்பதை நெருங்கும் வயதில், ரியோ நீக்ரோ ஆற்று வெள்ளக்காட்டில் படகில் அமர்ந்து, கண்ணெதிரே அது விரிய விரிய வரைந்தார். அதே ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தில் கார் விபத்தில் இறந்தார். 2021 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் அதே கள்ளி மொட்டுவிட்டபோது நேரலை வைத்தார்கள். எதிர்பார்த்ததைவிட முன்பே விரியத் தொடங்கிவிட்டது.

இத்தனை பூத்தும் நம் வீட்டுச் செடிகள் காய்ப்பதில்லையே என்று கேட்பார்கள். ஒருவர் வெட்டிக் கொடுத்ததை இன்னொருவர் நட்டு, அவர் வெட்டிக் கொடுத்ததை அடுத்தவர் நட்டு வந்ததால் தெருவில் இருப்பவை பெரும்பாலும் ஒரே செடியின் துண்டுகள். இந்தக் கள்ளி தன் மகரந்தத்தைத் தானே பொதுவாக ஏற்காது. வேறு வழியில் வந்த செடி அதே இரவில் பூத்தால், அதன் மகரந்தத்தைச் சிறு தூரிகையால் எடுத்து நட்சத்திர முடியில் தடவிப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் வாடிய குழாய்க்கு அடியில் உள்ள பகுதி உதிராமல் பருக்கும். சில மாதங்களில் அதன் உறவான டிராகன் பழத்தைப்போல் சிவந்து பழுக்கும், தின்னலாம். உள்ளே வெள்ளைச் சதையில் கறுப்பு விதைகள். அவற்றை முளைக்கவிட்டால் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் இளங்கன்றின் தண்டைச் சுற்றி மெல்லிய முட்கள் இருப்பதைக் காணலாம். வளர வளர அவை மறைந்துவிடும்.